நனைந்தவர்களுக்குத்தான் டீ

“மூணு தடவை கவுந்துட்டேன், டீச்சர். கவுக்காம ஓட்டச் சொல்லிக் கொடுங்க.”

ஆறுமுகநயினார் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கேட்பது உதவிதான். ஆனால் அவருக்கு எதையும் நிமிர்ந்து நின்றுதான் கேட்கத் தெரியும்.

பிலோமினா மணலில் குந்தி, ஈரக் கயிற்றில் விழுந்திருந்த ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழிமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். தலையைத் தூக்கவில்லை.

“கவுக்கத் தெரியுமா?”

“அது தானா கவுந்துருது.”

“அப்போ தெரியாது.”

நயினாருக்குச் சுருக்கென்றது.

அவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைப்பாதை, மழை, திருவிழாக் கூட்டம் எல்லாம் பார்த்தவர். அவருடைய சர்வீஸில் ஒரு கோழி அடிபட்டது கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் அவரே சொல்வார்.

அந்தப் படகு மச்சினன் வழியாக வந்தது. அவன் வேலை பார்த்த கடற்கரை விடுதியை மூடியபோது, பின்பக்கம் கேட்பாரற்றுக் கிடந்ததை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். மெலிந்த இரண்டு மிதவைகள். நடுவில் கயிற்றுக் கட்டில்போல இழுத்துக் கட்டிய வலை. மேலே ஒரு பாய், பின்னால் ஒரு சுக்கான். எஞ்சின் இல்லை, கியர் இல்லை.

அதனால் எளிது என்று நயினார் நினைத்தார்.

“மொதத் தடவை எப்படிக் கவுந்துச்சு?”

“பாய்க்கயிறு கையில இருந்து வழுகிட்டு. பதறி இழுத்தேன். கவுந்துட்டு. நான் நீந்திக் கரைக்கு வந்துட்டேன்.”

“படகு?”

“அது காத்தோட போயிட்டு. வலை போடுதவங்க கட்டி இழுத்துட்டு வந்தாங்க.”

“ரெண்டாவது?”

“கயிறு வழுகாம இருக்கணும்னு, கயித்தைக் கவ்வுற பல்லு இருக்குல்லா, அதுல இறுக்கிப் பூட்டிட்டுப் போனேன்.”

பிலோமினா சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

“தலைகீழாக் கவுந்து பாய்மரம் சேத்துல குத்தி நின்னுட்டு,” என்றார் நயினார். “ஆனா கயிறு கொஞ்சங்கூட வழுகல.”

“மூணாவது?”

நயினார் கால் விரலால் மணலைக் கிளறினார்.

“வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போனேன்.”

முடிச்சு அவிழ்க்கும் விரல்கள் நின்றன.

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“காயம் ஒண்ணும் இல்ல. ஆனா அன்னையில இருந்து என் ஸ்கூட்டர்ல ஏற மாட்டேங்கா. மார்க்கெட்டுக்கு நடந்து போறா. நான் பின்னாலயே உருட்டிக்கிட்டுப் போறேன். ஊரே பாக்கு.”

“கோழி அடிபடலன்னு சொன்னீங்களா?”

“அது அவளுக்கே தெரியும்.”

காற்று மணலைத் தள்ளிக்கொண்டு போனது.

“மெதுவா ஓட்டுதேன், ஏறுன்னு சொல்லிப் பாத்தேன். வேகத்துல என்ன இருக்குங்கா. அவ்வளவுதான் பேச்சு.”

“கவுறதுக்கு முன்னால ஏதாவது சொன்னாங்களா?”

“ஏதோ கத்துனா. காத்துல சரியாக் கேக்கல. பயந்துட்டாளேன்னு நான் இன்னும் இறுக்கிப் பிடிச்சேன்.”

“என்ன கத்துனாங்கன்னு பெறகு கேட்டீங்களா?”

“எதுக்கு? பயத்துல கத்துனதுதானே.”

பிலோமினா முடிச்சுக்குத் திரும்பினார்.

“அவ மறுபடி என் பின்னால உக்காரணும், டீச்சர். அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

“இந்தப் படகுல பின்சீட்டு இல்லையே, அண்ணாச்சி,” என்றார் பிலோமினா. “நாளைக்கு விடிஞ்சதும் வாங்க. மாத்துத் துணி கொண்டாங்க.”

“மாத்துத் துணி எதுக்கு?”

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

*

கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அதற்கு உள்பக்கம் அலை கிடையாது. காற்று மட்டும் தாராளமாக வரும்.

வகுப்பில் நயினாரோடு இன்னொருவர் இருந்தார். ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெபராஜ். கல்யாண வீடுகளில் எல்லோரையும் சிரிக்கச் சொல்லிச் சொல்லி, அவர் வாய் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம். யாராக இருந்தாலும் சரி, முதலில் நடுக்கழிக்குப் போய்ப் படகைத் தன் கையால் கவிழ்க்க வேண்டும். பிறகு நிமிர்த்த வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஓட்டம். ஓட்டம் முடிந்து கரையேறினால் பிளாஸ்கில் டீ இருக்கும்.

நனைந்தவர்களுக்குத்தான் டீ.

பிலோமினாவும் தினமும் கவிழ்ப்பார். முதல் நாள் அதைப் பார்த்து நயினார் தலையில் அடித்துக்கொண்டார். சொல்லிக் கொடுப்பவரே இப்படி என்றால்.

நயினார் கவிழ்க்கவில்லை. கரையை ஒட்டியே, ஆழமில்லாத தண்ணீரில், காற்று ஒதுங்கிய பக்கமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பினார். வேட்டி கசங்கவில்லை.

“ஒரு சொட்டுத் தண்ணி படல,” என்று கையை நீட்டினார்.

பிலோமினா பிளாஸ்கை மூடினார்.

“எனக்கு?”

“நனையலையே.”

“நனையாம வந்தவனுக்குத்தானே டீச்சர் டீ கொடுக்கணும்?”

ஜெபராஜ் தன் டீயைச் சத்தமாக உறிஞ்சினார். “அண்ணாச்சி, இது எக்ஸ்பிரஸ் இல்ல. எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிற வண்டி.”

வீட்டுக்குப் போகிற வழியில் நயினார் கடையில் டீ குடித்தார். அது டீ மாதிரியே இல்லை.

*

மறுநாள் கவிழ்க்கப் போனார். முடியவில்லை.

தாழ்ந்த பக்கம் உட்கார வேண்டும், பாய்க்கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் உடம்பு மறுத்தது. எத்தனையோ பேரைக் கவிழ்க்காமல் கொண்டு சேர்த்த உடம்பு அது.

ஒருவழியாக ஒரு மிதவை தண்ணீரைவிட்டு எழும்பியது. நயினாரின் வலது கால் படக்கென்று வலையை மிதித்தது.

மிதவை இன்னும் எழும்பியது. கால் இன்னும் அழுத்தியது. படகு அவரை உப்புத் தண்ணீரில் இறக்கிவிட்டது.

“இறங்குறவங்கல்லாம் இறங்கு,” என்று தூரத்திலிருந்து ஜெபராஜின் குரல் வந்தது.

பிலோமினா தன் படகை அருகே கொண்டுவந்தார்.

“காலால எதுக்கு மிதிச்சீங்க?”

நயினார் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார். “பழக்கம்.”

“வலையில என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அதான் கேக்கேன். பிரேக் இல்லாத வண்டியை எவன் ஓட்டுவான்? இதுல பிரேக் எங்க இருக்கு, டீச்சர்?”

பிலோமினா தன் வலது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, விரித்துக் காட்டினார்.

வெறும் உள்ளங்கை.

நயினார் பார்த்தார். கயிற்றைக் கேட்கிறார் என்று நினைத்து, மிதந்துகொண்டிருந்த பாய்க்கயிற்றை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

பிலோமினா அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, மறுபடி வெறும் கையைக் காட்டினார். பிறகு, “நிமித்துங்க,” என்றார்.

நிமிர்த்துவதற்கு ஒரு முறை உண்டு. பாய்மரத்தைக் காற்றுப் பக்கம் திருப்ப வேண்டும். மேலே நிற்கும் மிதவைக்கு அந்தப் பக்கம் கயிற்றைப் போட்டு, கீழே கிடக்கும் மிதவையில் ஏறி நின்று, அந்தக் கயிற்றைப் பிடித்தபடி முதுகு தண்ணீரில் படுகிற அளவுக்குப் பின்னால் சாய வேண்டும். உடம்பின் கனம்தான் வேலை செய்யும்.

நயினார் சாய்ந்தார். படகு முனகியது. பாய் தண்ணீரை உதறிக்கொண்டு மெல்ல எழுந்தது. அப்படியே காற்று அதன் கீழே புகுந்து தூக்கிவிட்டது. படகு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவர் வலையைப் பிடித்துத் தொங்கியபடி அதைப் பார்த்தார். தான் கவிழ்த்ததை முதல் தடவையாகத் தானே நிமிர்த்தியிருக்கிறார்.

“தொப்பை வீண் போகல, அண்ணாச்சி,” என்றார் பிலோமினா. “எனக்கு இதுக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆகும்.”

அன்றைக்கு டீ கிடைத்தது.

*

அடுத்த நாள் பிலோமினா நயினாரின் படகில் உட்கார்ந்து திருப்புளியால் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கவ்வும் பல். கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அதுதானே டீச்சர் கயித்தைப் பிடிக்கிறது?”

“இனிமே நீங்க பிடிங்க.”

பிடித்தார். நாள் கணக்கில் பிடித்தார். வேண்டுமென்று கவிழ்த்தது போக, வேண்டாமலும் கவிழ்ந்தார். காற்று வலுக்கும்போதெல்லாம் கை இறுகியது, கால் மிதித்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை அது. அதற்கே இந்தக் கதி.

டீச்சரின் வெறும் கை மட்டும் அவரை விடவில்லை. ஒன்றும் இல்லை என்கிறாரா. நிறுத்து என்கிறாரா. ஆசீர்வாதமா. டிராபிக் போலீஸ்கூட அப்படித்தான் கை காட்டுவான். ஆனால் இங்கே யாரை நிறுத்த?

ஜெபராஜிடம் கேட்டுப் பார்த்தார்.

“பாக்கி சில்லறை கேக்காங்களோ என்னவோ,” என்றார் ஜெபராஜ்.

*

வீட்டில் வடிவு பேசாமலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றோடு ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் வந்தது.

“கைக்கு,” என்றாள்.

அவர் தடவிக்கொண்டார்.

“இன்னைக்கும் கவுந்துட்டியளா?”

“தானாக் கவுந்துடல. கவுத்தேன்.”

வடிவு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“வேணும்னா?”

“வேணும்னுதான். அதுதான் பாடம்.”

“நீங்க? வேணும்னு கவுத்திய?”

“நிமித்தியும் விட்டேன்.”

வடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நயினார் யோசித்தார். அந்த மூன்றாம் முறைக்கு முந்தின நாளோ என்னவோ.

“அதை நான் பாக்கணுமே,” என்றாள்.

மறுநாள் அவர் ஸ்கூட்டரில் போனார். அவள் நடந்து வந்தாள். அவள் நடைக்குத் தக்கபடி அவர் வண்டி ஓட்டினாரோ என்னவோ, இருவரும் ஒன்றாகத்தான் கழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

*

வடிவு மணலில் நின்றாள். நயினார் நடுக்கழிக்குப் போனார். தாழ்ந்த பக்கம் உட்கார்ந்தார், கயிற்றை இழுத்தார், கவிழ்த்தார். வலையை உந்திக்கொண்டு வெளியே வந்தார். பாய்மரத்தைத் திருப்பினார், ஏறினார், சாய்ந்தார், நிமிர்த்தினார். கரையைப் பார்த்தார். வடிவு நெற்றிக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் இன்னொரு தடவை கவிழ்த்தார்.

கல்யாணமான புதிதில் அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஓட்டிக் காட்டியிருக்கிறார். அன்றைக்குக்கூட அவருக்கு நெஞ்சு இவ்வளவு விரியவில்லை.

கரைக்கு வந்ததும் வடிவு சொன்னாள்:

“நல்லாத்தான் கவுக்கிய.”

நயினார் ஜெபராஜைப் பார்த்தார். ஜெபராஜ், “கேட்டுட்டேன், கேட்டுட்டேன்,” என்றார்.

“நானும் வாரேன்,” என்றாள் வடிவு.

நயினார் வாயைத் திறந்தார். நாக்கில் வந்து முட்டிய முதல் வார்த்தை, ‘ஏறு, நான் பாத்துக்கிடுதேன்’ என்பதுதான். போன தடவையும் அதைத்தான் சொன்னார்.

“வேண்டாம், வடிவு,” என்றார். “நான் இன்னும் முழுசாக் கத்துக்கல. காத்து கூடுனா எனக்கு நிறுத்தத் தெரியல.”

“அப்படியா,” என்றாள் வடிவு. செருப்பைக் கழற்றி மணலில் ஓரமாக வைத்தாள். பிலோமினாவிடம் மிதவைச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டாள். “அப்போ சரி. போவோம்.”

“நான் எங்கே உக்காரணும், டீச்சர்?” என்று கேட்டாள்.

“அண்ணாச்சிக்குப் பக்கத்துல. ரெண்டு பேரும் ஒரே ஓரத்துல. மொதல்ல கவுக்கணும், தெரியும்லா அக்கா?”

“அதுக்குத்தானே வந்தேன்.”

நடுக்கழியில் இருவரும் சேர்ந்து கவிழ்த்தார்கள். வடிவு மூக்கைப் பொத்திக்கொண்டு விழுந்தாள். தலைமுடியெல்லாம் முகத்தில் அப்ப, இருமிக்கொண்டே சிரித்தாள். நிமிர்த்தும்போது அவர் இடுப்பைப் பிடித்து அவளும் சாய்ந்தாள். படகு சட்டென்று எழுந்தது.

பிறகு ஓட்டினார்கள்.

இடது கையில் சுக்கான், வலது கையில் பாய்க்கயிறு. பக்கத்தில் வடிவு. மிதவைகள் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் மட்டும். கொக்குகள் நின்ற திட்டைத் தாண்டினார்கள். திட்டு மறைத்திருந்த காற்று அங்கே காத்திருந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது.

பாய் விம்மியது. அவர்கள் உட்கார்ந்திருந்த மிதவை தண்ணீரைவிட்டு எழுந்தது.

கால் வலையை மிதித்தது. கை இறுகியது. மிதவை இன்னும் எழுந்தது. எதிரே சாய்ந்த பாய்மரம், அதற்குக் கீழே தண்ணீர், எல்லாம் மூன்றாம் முறை பார்த்த அதே காட்சி.

வடிவு ஏதோ கத்தினாள்.

நயினார் பாயைப் பார்க்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன?”

“விடுங்க.”

அவர் கையைப் பார்த்தார். தோலுரிந்த கை. கயிற்றோடு சேர்ந்து கயிறாகவே ஆகியிருந்தது.

விரித்தார்.

கயிறு சரசரவென்று ஓடியது. பாய் வெறுமனே படபடத்தது. மிதவை தண்ணீரில் தப்பென்று உட்கார்ந்தது. படகு, சிக்னலில் நின்ற பஸ்போல, இருந்த இடத்தில் நின்றது.

நயினாரின் கை இன்னும் விரிந்தே இருந்தது. வெறும் உள்ளங்கை. அதை அவர் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறார். ஆனால் அது வேறொருவருடைய கை.

“அன்னைக்கு என்ன கத்துன?” என்று கேட்டார்.

“இதைத்தான்.”

*

கரையில் பிலோமினா இரண்டு டம்ளர்களில் டீ ஊற்றி வைத்திருந்தார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டி மணலில் குழி விழுந்தது.

“அந்தப் பல்லைத் திருப்பி மாட்டிரவா, அண்ணாச்சி?” என்று கேட்டார் பிலோமினா.

“உங்க பையிலயே இருக்கட்டும்.”

பிலோமினா தலையசைத்தார். டம்ளர்களை வாங்கிக் கழுவப் போனார்.

ஸ்கூட்டர் புன்னை மரத்தடியில் நின்றது. நயினார் அதை வெளியே எடுத்தார். ஏறு என்று சொல்லவில்லை. மெதுவாகப் போகிறேன் என்று சொல்லவில்லை. கோழியைப் பற்றியும் சொல்லவில்லை. ஸ்டார்ட் செய்துவிட்டுச் சும்மா இருந்தார்.

வடிவு செருப்பிலிருந்த மணலைத் தட்டினாள். முடியைப் பிழிந்து முடிந்துகொண்டாள். வண்டியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கவுக்காம ஓட்டத் தெரியுமா?”

நயினார் யோசித்தார். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

“கவுக்கத் தெரியும்,” என்றார்.

வடிவு ஏறி உட்கார்ந்தாள்.